நாலு பேருக்கு மேல் கூடாது

எங்கள் கீழ் வீட்டில் ஆறு வருடம் குடியிருந்த அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் முட்டாள்தனத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு நடுவில் ஒரு நல்ல மனுஷியின் பெயர் எதற்கு? இப்போது அவர் காரியாபட்டிப் பக்கம் அக்கா வீட்டோடு போய்விட்டார். கீழ் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. அங்கே எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் யாரும் எழுந்து வெளியே போவதில்லை. அதைப் பார்த்தால்தான் எனக்கு என்னமோ போல் இருக்கிறது.

அவர் வீடு பார்க்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முன்னறையில் நான், என் மனைவி, மகள், கூட்டி வந்த புரோக்கர். அந்த அம்மா வாசல்படியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க, ஏன் அங்கன நிக்கீக?" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும் மதினி. உள்ள நாலு பேரு இருக்கீக. இவுக வெளிய வந்தா நான் வாரேன்," என்று புரோக்கரைக் காட்டினார்.

புரோக்கர் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, எம்மேல ஏதும் வாடை அடிக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே. நாலு பேருக்கு மேல கூடாது, அம்புட்டுதான்."

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அந்த அம்மாவுக்கு வேலை. அந்த ஆலைகளில் வெடிமருந்து கையாளும் ஒவ்வொரு அறையின் சுவரிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஆள் அளவு நாலு என்றால் நாலுதான். சிவகாசியில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். ஆனால் அந்தக் கணக்கை ஆலை கேட்டோடு விட்டுவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம். இவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார், கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோனார், துக்க வீட்டுக்கும் கொண்டுபோனார். எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். பஸ்ஸில் எப்படிப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "படிக்கிட்ட நிப்பேன். சாத்தூரு வரைக்கும் நின்னுட்டே போனாலும் காலு வலிக்காது எனக்கு," என்றார்.

ஒரு பொங்கலுக்கு எங்கள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அந்த அம்மா பணியாரம் சுட்டு ஒரு தூக்குவாளியில் எடுத்துவந்தார். வாசலில் நின்று தலைகளை எண்ணினார். வாளியைப் படியில் வைத்துவிட்டு, "மதினி, அங்கன வச்சிருக்கேன். பூனை வந்துரப் போகுது," என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். என் சித்திக்குப் பொறுக்கவில்லை. "குடியிருக்கவளுக்கு எம்புட்டு ராங்கி பாத்தியா?" என்றாள். ஏழு பணியாரம் தின்றுவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

நான் மட்டும் யோக்கியனா? ஒருநாள் அவர் தன் வீட்டில் மூன்று பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேண்டுமென்றே ஐந்தாவது ஆளாக உள்ளே போனேன், என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று. கையில் தட்டோடு எழுந்து வெளியே போய், முருங்கை மரத்தடியில் நின்றே சாப்பிட்டு முடித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் இன்னொரு தடவையும் அதையே செய்தேன். ஒரு தடவை செய்தால் விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டு தடவை செய்தேனே, என்னை என்ன சொல்ல?

இனி என் கலை வாழ்க்கைக்கு வருகிறேன்.

நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். டிசைன் என்றதும் ஓவியன் என்று நினைத்துவிட வேண்டாம். முருகனின் வேலாயுதத்தைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, அங்கே ஜவுளிக் கடையின் போன் நம்பருக்கு இடம் ஒதுக்குவது என் வேலை. கடைக்காரர் கேட்டால் லட்சுமிக்குப் புன்னகையைக் கொஞ்சம் கூட்டுவேன். இருபத்தெட்டு வருடம் சாமி முகங்களோடு புழங்கினால், நமக்கும் வரைய வரும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ரத்தக் கொதிப்புக்குப் பார்த்த டாக்டர், "மனசுக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு ஏதாவது வச்சுக்கோங்க," என்றார். நடக்கச் சொல்லியிருந்தால் ஊருக்கு நல்லதாய்ப் போயிருக்கும்.

அந்த வாரம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவன் பேனா மாதிரி ஒரு கருவியைப் பிடித்திருக்கிறான். அதன் முனை மின்சாரத்தில் பழுக்கச் சூடாகிறது. அதை வைத்து மரப்பலகையில் கருக்கிக் கருக்கிப் புலியின் முகம் வரைகிறான். மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அன்றைக்கே ஒன்று ஆர்டர் போட்டேன். வந்ததும் அதற்குச் சூட்டுக்கோல் என்று பெயர் வைத்து, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கடை பரப்பினேன். நெருப்பைக் கண்டால் பத்தடி தள்ளிப் போகிற ஊரில், பொழுதுபோக்குக்கென்று நெருப்பை வாங்கி வைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் ஒரு மயில் ஆரம்பித்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கீழ் வீட்டு அம்மா ஒரு வாளி மணலோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எங்கன தீயிது?"

"தீயல தங்கச்சி. படம் போடுறேன்."

"படத்த எதுக்குத் தீய்க்கிறீக?"

விளக்கினேன். சூட்டுக்கோலைக் காட்டினேன். மயிலையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வேக இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கொட்டகையில் ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் நிரந்தரமாக வைத்தார். "செய்யுங்க அண்ணாச்சி. ஆனா நீங்க மேல இருக்கீகன்னு ஒருத்தருக்குத் தெரியணும். ஏறும்போது சொல்லிட்டு ஏறுங்க, எறங்குனா எறங்கிட்டேன்னு சொல்லுங்க," என்றார். அன்றிலிருந்து நான் படி ஏறும்போது "தங்கச்சி, மேல போறேன்" என்று கத்துவேன். இறங்கும்போது "எறங்கிட்டேன்" என்பேன். அம்பது வயதைத் தாண்டிய ஆள் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி இருக்கும். தெருவே சிரித்தது.

சிரிக்க அது ஒன்றுதானா காரணம்? என் படைப்புகளை எல்லோருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தேனே! கையால் செய்த பொருளுக்கு மதிப்பே தனி என்று அந்த வீடியோக்காரன் சொல்லியிருந்தான். மனைவியின் முகத்தைச் சுட்டு அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். "யாரு இது, உங்க பெரியம்மாவா?" என்று கேட்டாள். மேனேஜருக்குக் கொடுத்த யானை, அடுத்த வாரமே அவர் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருந்தது. மேசை ஆடவில்லை, அந்த வகையில் திருப்தி.

அந்த வருடம் மகளுக்கு வரன் அமைந்தது. சாத்தூர் மாப்பிள்ளை. தையில் கல்யாணம். கார்த்திகை மாதம் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். வெறும் பத்திரிகையா வைப்பேன் நான்? நெருங்கிய சொந்தத்துக்கெல்லாம் ஆளுக்கொரு விளக்குப் பலகை என்று முடிவு செய்தேன். ஒரு சாண் அகலம். நடுவில் அகல் வைக்க ஒரு குழி. சுற்றிலும் மணமக்கள் பெயரும் கொடி வேலைப்பாடும். பதினாலு பலகை. மரம் பழைய மரக்கடையில் கிடைத்தது. நன்றாகக் காய்ந்த பலகைகள். சாய்த்துப் பார்த்தால் ரேகைக்குள் வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு. சூட்டுக்கோல் படும்போது அங்கங்கே 'சிர்' என்று வெள்ளையாகப் பொறி பொரியும். மரம் என் கைக்கு மறுமொழி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பத்திரிகையோடு பலகையைக் கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் மறக்காமல் சொன்னேன்: "திருக்கார்த்திகை அன்னைக்கு இதுலதான் விளக்கு வைக்கணும்."

திருக்கார்த்திகை அன்று காலையில், கடைசிப் பலகையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தீபாவளி முடிந்து ஆலை இன்னும் திறக்கவில்லை என்பதால் அந்த அம்மா வீட்டில் இருந்தார். பிரித்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறி, விரலை மூக்கில் வைத்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்து, பிரமித்துப் போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இந்தப் பலகைய எங்கன வாங்குனீக?"

"பழைய மரக்கடைல. ஏதோ சாமான் அடுக்குற ராக்குப் பலகை."

"என்ன ராக்கு?"

"மூடிக் கிடந்த பட்டாசு யூனிட் ஒண்ண இடிச்சாகளாம். அதுல வந்ததுன்னாரு."

"சுடும்போது பொரிஞ்சுச்சா?"

"ஆமா, அங்கங்க லேசா. பிசினா இருக்கும்."

அவர் அந்தப் பலகையைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மெல்லத் தரையில் வைத்தார். "இது மருந்து ஊறுன பலகை அண்ணாச்சி. வருசக்கணக்கா ஊறிருக்கு. இந்த மினுமினுப்பு மரத்துதில்ல, அலுமினியப் பவுடரு. இது மேல எண்ணெய ஊத்தி விளக்கு ஏத்துனா என்ன ஆகும்?"

நான் பலகையை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"ஒண்ணும் ஆகாமலும் போகும். ஆனா ஏத்திப் பாக்கணுமா?" என்றவர், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டார்.

"பதினாலு."

"இது ஒண்ணு. பாக்கி பதிமூணு. சாயங்காலம் விளக்கு ஏத்துறதுக்குள்ள பதிமூணும் கைக்கு வரணும்."

"எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிர்றேன் தங்கச்சி."

"போன் போடுங்க. ஆனா கண்ணால பாத்து எண்ணுனாத்தான் எண்ணிக்கை."

போன் போட்டேன். பன்னிரண்டு வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பதிமூன்றாவது சாத்தூர் சம்மந்தி வீடு. சம்மந்தி அம்மாள்தான் எடுத்தார். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன். "ஆச்சுங்க," என்றார். "சரிங்க," என்று வைத்துவிட்டேன்.

என் மனைவியும் என் கட்சிதான். "குடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டா என்ன நினைப்பாக? அதுவும் விளக்கு ஏத்துற நாளுல, விளக்குப் பலகைய!" என்றாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. சம்மந்தி அம்மாள் சகுனம் பார்க்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று தெருமுனையில் பூனை குறுக்கே போனதென்று காரைத் திருப்பி வேறு தெரு வழியாக வந்தவர் அவர்.

தெரிந்த பையன் ஒருவனின் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தூக்கி வந்து வைத்தார். ஏறும் முன் எண்ணினார். "டிரைவர் தம்பி, அண்ணாச்சி, மதினி, நான். நாலு. எடுங்க தம்பி."

அன்று நான் பட்ட அவமானம் இருக்கிறதே! என் பலகையில் விளக்கு வைக்க யாருமே உத்தேசிக்கவில்லை. அண்ணன் வீட்டில் அது தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகியிருந்தது. அத்தை மகன் வீட்டில் அதன் மேல் வெங்காயம் நறுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் பாதி போய்விட்டது. மச்சினன் வீட்டில் அலமாரி, கட்டிலடி, பரண் எல்லாம் தேடி, கடைசியில் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்தோம். "நல்ல கனமா இருந்துச்சு மாப்ள," என்றான். சித்தி வீட்டில் பலகையே இல்லை. அவள் அதை அழகான காகிதத்தில் சுற்றி, பக்கத்துத் தெருப் புதுமனைப் புகுவிழாவுக்கு மொய்யாக வைத்துவிட்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர்களிடம் போய் நான் யார் என்று விளக்கி, உங்கள் வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பெயர் போட்ட பலகை இருக்கிறதா என்று கேட்டேன். "அது யாரு என்னன்னு நாங்களும் மண்டைய உடைச்சிட்டிருக்கோம்," என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு பலகையையும் அந்த அம்மா வாசலிலேயே நின்று வாங்கி, டிரம் தண்ணீரில் முக்கி, எண்ணிக்கை சொன்னார். ஐந்து மணிக்குப் பன்னிரண்டு.

"இன்னும் ஒண்ணு," என்றார்.

"சாத்தூர்தான். அது நாளைக்குப் பாத்துக்கலாமே தங்கச்சி. அங்கயும் எவனாவது குடத்த மூடித்தான் வச்சிருப்பான்," என்றேன். என் கலையை நானே அத்தனை கேவலமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தைக் காப்பாற்ற அதுவும் செய்வேன்.

அந்த அம்மா டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முன்ன ஒரு நாளு ஆலைல, சீசன் நேரம். எங்க ரூம்ல நாங்க நாலு பேரு. பக்கத்து ரூம்ல இடமில்லன்னு அஞ்சாவதா ஒருத்தி வந்தா. போர்மேன் பாத்தா வைவாருன்னு நான் எந்திரிச்சு வெளிய வந்தேன். என் எடத்துல அவ உக்காந்தா. நான் வேப்பமரம் வரைக்கும்தான் நடந்திருப்பேன், பின்னால சத்தம் கேட்டுச்சு."

ஆட்டோப் பையன் பாட்டை நிறுத்தினான்.

"நான் எந்திரிச்சது சரிதான அண்ணாச்சி? சட்டப்படி சரிதான். ஆனா எந்திரிச்சவ, வாடி போவம்னு அவளையும் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும்ல?"

முருங்கை மரத்தடியில் தட்டோடு அவரை இரண்டு முறை நிற்க வைத்தவன் நான். எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

"தம்பி, நேரா சாத்தூருக்கு விடு," என்றாள் என் மனைவி.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவில் ஒவ்வொரு வாசலாக விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாசலில் நின்றுகொள்ள, நானும் மனைவியும் உள்ளே போனோம். கூடம் நிறைய ஆட்கள். நடுக்கூடத்தில் பெரிய மாக்கோலம். கோலத்தின் நடுவில் என் பலகை! சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, குழியில் புது அகல். எண்ணெய் ததும்பிப் பலகையில் வழிந்திருந்தது.

"சம்மந்தி! சரியான நேரத்துக்கு வந்தீக," என்றார் சம்மந்தி அம்மாள். "பொண்ணு வீட்டுல கைப்பட செஞ்ச பலகைன்னு இதுலதான் முதல் விளக்குன்னு வச்சிருக்கேன். பத்து நாளா யாரையும் தொட விடல. எம்புட்டு அழகா செஞ்சிருக்கீக!"

வாழ்க்கையில் என் கலையை மதித்த ஒரே ஒரு ஜீவன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அதோடு நிற்காமல், "நீங்களே உங்க கையால ஏத்துங்க," என்று தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மாப்பிள்ளை போனில் படம் பிடிக்கிறார். மனைவி இடுப்பில் இடிக்கிறாள். "இல்ல… கண்ணு கொஞ்சம்… கை வேற…" என்று என்னென்னமோ உளறினேன். "சும்மா ஏத்துங்க சம்மந்தி, கூச்சம் என்ன?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நான் தீக்குச்சி ஒன்றை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

வாசலைப் பார்த்தேன். அந்த அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணுகிறார். அவரால் உள்ளே வர முடியாது என்று எனக்குத் தெரியும்.

வந்தார். நேராக, யார் முகத்தையும் பார்க்காமல், அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து வந்து என் கையிலிருந்த குச்சியையும் பெட்டியையும் பிடுங்கினார். குனிந்து அகலை எடுத்துத் தரையில் வைத்தார். பலகையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

"யாரு தாயி நீ?" என்றார் சம்மந்தி அம்மாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. மருந்துப் பலகை இது. அண்ணாச்சிக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்ச பெறகு சொல்ல வாய் வரல. எல்லாரும் வெளிய வாங்க. முதல்ல வெளிய வாங்க."

மாப்பிள்ளையின் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர், மருந்து தெரிந்தவர். பலகையை ஒரே ஒரு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "எல்லாரும் வெளிய போங்க," என்றார். போனார்கள். வாசலில் அந்த அம்மா பலகையை டிரம்மில் முக்கினார். ஆட்களை விரலால் எண்ணினார். அப்புறம் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி. பதினோரு பேரும் வந்தாச்சு," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். சம்மந்தி அம்மாள்தான் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். சகுனம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அகலை வைத்துத் தன் கையாலேயே ஏற்றினார்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிவகாசியிலயா பொறந்தீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வெளிய சொல்லாதீக," என்றார்.

ஒரு வாரம் நான் மாடிப் பக்கமே போகவில்லை. அந்த அம்மாதான் கேட்டார். "ஏன் மேல போறேன்னு சத்தமே காணோம்? எனக்கு ஒரு பலகை வேணுமே. நல்ல மரத்துல."

"என்ன படம் போட?"

"படமெல்லாம் வேணாம். ஆள் அளவு நாலுன்னு எழுதுங்க. வீட்டு வாசல்ல மாட்டிக்கிறேன். வாரவுக போறவுகளுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்ல வேண்டாம் பாருங்க."

புது வேப்பம்பலகை வாங்கி ஒன்பது நாள் செய்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி. படம் போடலல்ல, அதான்," என்றார்.

தையில் விருதுநகரில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன் மாலையை எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனேன். அறைக்கு வெளியே நடைபாதை முழுக்கப் பெண்கள். சித்தி தலைமையில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கதவில் என் வேப்பம்பலகை தொங்கியது. ஆள் அளவு 4. என் மகள் முந்தின நாளே கீழ் வீட்டில் கேட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டாளாம். மற்றவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டாளாம். உள்ளே பார்த்தேன். மகள், அலங்காரம் செய்கிற பெண், என் மனைவி, பட்டுச்சேலையில் அந்த அம்மா.

பழக்க தோஷத்தில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அந்த அம்மா உடனே எழுந்தார்.

"நீங்க வாங்க அண்ணாச்சி, பெத்த தகப்பன். நான் வெளிய நிக்கேன்."

ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்த என் மகள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். ஆட்டோவில் அவர் சொன்னதை என் மனைவி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க உக்காருங்க அத்தை. நீங்க எந்திரிக்கக் கூடாது. அப்பா வெளிய நிப்பாங்க."

அந்த அம்மா நின்றபடியே கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

நான் காலை வெளியே எடுத்துக்கொண்டு, மாலையைக் கதவிடுக்கு வழியாக மனைவியிடம் நீட்டினேன். சித்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏலே, கல்யாணப் பொண்ணுக்கு அப்பன் நீ. நீ எதுக்கு வெளிய நிக்க?"

"உள்ள நாலு பேரு ஆச்சு சித்தி," என்றேன்.